வலது காலின் வெளி விளிம்பு

தேத்தண்ணிக்கு நன்றி. உலகப் போட்டிக்குப் போகிற அந்த ஒரே இடத்தை என் தங்கச்சி சிந்துஜாவுக்குக் கொடுங்கள்.

மேசைக்குக் கீழே நித்தியானந்தன் அங்கிள் என் காலைத் தட்டுகிறார். இதை மட்டும் கேட்காதே என்று வென்ட்வேர்த்வில்லில் இருந்து இங்கே வரும்வரை காரில் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். "பிள்ளை, மன்னிப்புக் கேள், குனிஞ்சபடி இரு, ஏலுமெண்டால் அழு. தங்கச்சியின்ர இடத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காத." அவர் வீடு வாங்குகிறவர்களுக்கு உறுதிப் பத்திரம் எழுதுகிற சட்டத்தரணி. எங்களுக்குக் கிடைத்தவர் அவர்தான். எனக்கு அழ வராது. கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு காரணம் சொல்வதுதான் என் பழக்கம்.

ஐஸ் ஸ்கேட்டிங் சங்கத்தின் சார்பில் நீங்கள் மூன்று பேரும் வாசித்ததைக் கவனமாகக் கேட்டேன். சாணைக்கல் தேய்ந்திருந்தது, தீட்டியவள் பகுதிநேர ஊழியர், களைப்பாக இருந்திருப்பாள், ஆகவே ரஷ்யாவில் இருந்து வந்த லரிசாவின் வலது ஸ்கேட்டின் பிளேட் கோணலாகிவிட்டது, இது வெறும் கவனக்குறைவு, கவலையீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படிக்கும்போதே அந்த ஐஸ் அரங்கின் பின்னறையில் தீட்டத் தொடங்கினேன். உடற்பயிற்சி விஞ்ஞானத்தில் பட்டம் எடுத்த பிறகும் சனி ஞாயிறுகளில் அங்கேதான் நின்றேன். இந்த மாநிலத்தில் போட்டிக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப்பேர் நான் தீட்டிய பிளேட்டில்தான் ஓடினார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா ரயில் பெட்டி கழுவுகிறார். உங்கள் பிள்ளை ஒரு பிழை விட்டால் அது ஒரு பிழை, அவ்வளவுதான். நான் விட்டால், அதுகள் அப்படித்தான் என்று ஆகும். அதனால் நான் பிழை விடுவதில்லை.

அந்த வலது பிளேட் கோணலாக இருந்தது நான் அப்படித் தீட்டியதால்.

உங்களில் ஸ்கேட்ஸ் போடாதவரும் ஒருவர் இருக்கிறார் என்பதால் சொல்கிறேன். பிளேட் கத்தியைப் போல ஒற்றைக் கூர் உள்ளதல்ல. அடியில் நடுவே ஒரு சின்னப் பள்ளம், இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. உள் விளிம்பு, வெளி விளிம்பு. இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பார்ப்போம். நேராக நின்றால் சரி. தாவுகிறவர்கள் அநேகமாக வலது காலில், பின்பக்கமாக, வெளி விளிம்பில்தான் இறங்குவார்கள். அந்த விளிம்பு மயிரிழை தாழ்ந்திருந்தாலும் கால் பிடிக்காது. விழுகிறவளுக்கு ஏன் விழுந்தாள் என்று தெரியாது.

சிந்துஜா வெஸ்ட்மீட்டில் பிறந்தவள். என்னைவிட ஏழு வயது இளையவள். யாரோ ஒரு வகுப்புப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஐஸ் அரங்குக்குக் கூட்டிப்போனேன். சுவரைப் பிடிக்காமல் நடுவில் போய் நின்றாள். அன்றே முடிவெடுத்தேன். பதினான்கு வயதில் விடப்போகிறேன், பள்ளிக்கூடத்தில் நெட்பால் விளையாடப்போகிறேன் என்றாள். உட்கார வைத்துப் பேசி விளங்கப்படுத்தினேன். விடிய முன் அவளை எழுப்பியவள் நான். விழுந்து கிடந்தபோது எழும்பு என்றவள் நான். அவளுக்கு மேலே இருந்த பெண் போன வருடம் கல்யாணம் கட்டிக்கொண்டு விலகினாள். பெண்கள் பிரிவில் இந்த நாட்டுக்கு ஒரே ஓர் இடம். அது சிந்துஜாவுக்கு வரவேண்டிய இடம்.

அப்போதுதான் லரிசாவைக் கூட்டிவந்தீர்கள்.

அவளில் எனக்குக் கோபம் இல்லை. பதினெட்டு வயது. ரஷ்யாவில் அவளுக்கு முன்னால் ஆறேழு பேர், பின்னால் பதின்மூன்று பதினான்கு வயதில் எலும்பும் காற்றுமாக ஒரு படை. இடுப்பு அகலத் தொடங்கியதும் அங்கே இருந்த பயிற்சியாளர் எல்லோருக்கும் முன்னால், கனத்துவிட்டாய், இனி ஏலாது என்று அவளுக்குக் கணக்கு முடித்துவிட்டாராம். அவளோடு பழகியவர்களில் ஒருத்தி இஸ்ரேலுக்காக ஓடுகிறாள், ஒருத்தி அஸர்பைஜானுக்காக. மிச்சம் இருந்தது கங்காரு நாடுதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அங்கே ஏழாவதாக வருகிறவள் இங்கே கண்ணை மூடிக்கொண்டு முதலாவதாக வருவாள். அந்த நாட்டுச் சங்கம் அவளை விடுவித்தது, ஒரு வருடம் காத்திருந்தாள், எல்லாம் சட்டப்படிதான். தலைவர் ஐயா நீங்களே பூங்கொத்தோடு விமான நிலையத்துக்குப் போனீர்கள். நாங்கள் வந்து இறங்கியபோது அப்பாவை ஒரு அறையில் வைத்து மூன்று மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். எனக்கு ஆறு வயது, நினைவிருக்கிறது. அதை இங்கே சொல்லக்கூடாது என்பதும் தெரியும்.

எங்கள் வீடு அரங்குக்குக் கிட்ட என்பதால் அவளை வைத்திருக்க முடியுமா என்று சிந்துஜாவின் கோச் கேட்டார். அம்மா கேள்வி முடிய முன்னமே ஓம் என்றார். தாய் தகப்பனை விட்டுவிட்டு வந்த பிள்ளை என்று அம்மாவுக்கு ஒரே இரக்கம். லரிசா என்ற பெயர் அம்மாவின் வாயில் நிற்கவில்லை. ராசா என்றே கூப்பிட்டார். சிந்துஜாவின் அறையில் இன்னொரு கட்டில் போட்டோம். இரண்டு கிழமைக்குள் இருவரும் ஒருத்தியின் சட்டையை மற்றவள் போடத் தொடங்கிவிட்டார்கள். அவள் முதலில் படித்த தமிழ்ச் சொல் "காணும்", போதும் என்று அர்த்தம். தட்டுக்கு மேலே கையை விரித்துக்கொண்டு அதைச் சொல்வாள். அம்மா கேட்காமல் இன்னொரு அகப்பை போடுவார்.

ஒருநாள் பிளாக்டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சிந்துஜா காரில் வைத்துச் சொன்னாள். "ஷீஸ் பெட்டர் தான் மீ, அக்கா. இட்ஸ் ஓகே. ஐம் ஹாப்பி ஃபோர் ஹர்." அவள் என்னைவிடத் திறமானவள், பரவாயில்லை, எனக்குச் சந்தோஷம்தான் என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முகத்தில் துக்கமே இல்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. தனக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிட்டுச் சிரிக்க ஒரு பிள்ளை பழகிவிட்டால், அப்பாவைப் போல வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டே இருக்கும். யாராவது தடுக்க வேண்டும். வீட்டில் படித்தவள் நான்தான்.

முதல் தடவை மிகக் கொஞ்சம். வெளி விளிம்புக்குச் சாணைக்கல்லில் ஒரு இழுவை கூடுதல், அவ்வளவுதான். அடுத்த கிழமை இன்னும் கொஞ்சம். கால் பழகிவிடும் என்பதால் இடைக்கிடை சரியாகவும் தீட்டிக் கொடுத்தேன். நன்றாக இறங்குகிற ஒரு கிழமைக்குப் பிறகு வருகிற கெட்ட கிழமைதான் ஆளை உடைக்கும். இதையெல்லாம் சொல்வது, களைப்பில் நடந்தது என்று நீங்கள் எழுதியது எவ்வளவு பிழை என்று காட்டத்தான்.

அவளுக்குக் காயம் வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தேர்வுப் போட்டியில் இரண்டு தாவலில் சறுக்கினால் போதும், சிந்துஜா முன்னுக்கு வந்துவிடுவாள். அதற்குப் பிறகு சரியாகத் தீட்டிக் கொடுத்திருப்பேன்.

ஆனால் லரிசா பிளேட்டை நினைக்கவில்லை. தன் உடம்பைத்தான் நினைத்தாள். அங்கே அவளுக்கு அதைத்தானே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு பின்னேரம் குசினிக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, நீ இதைப் படித்தவள், உண்மையைச் சொல், எனக்குப் பாரம் கூடிவிட்டதா என்று கேட்டாள். அவளுக்குப் பாரம் கூடவில்லை. ஆலோசனை கேட்டு வந்தவரின் வாயில் சொல்லைத் திணிக்கக்கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். உன் உடம்பு உனக்குத்தானே தெரியும் என்றேன். அது பொய் இல்லை.

அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். நான் சாப்பிடாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா தன் சமையலில்தான் குறை கண்டார். "உறைப்புக் கூடிப்போச்சோ தெரியேல்லை. நாளைக்குத் தூள் போடாமல் ஒரு கறி வைக்கிறன்." தூள் போடாத கறியும் அப்படியே கிடந்தது. போட்டிக்கு முன்னால் எல்லாரும் இப்படித்தான், அம்மா, வற்புறுத்தாதேங்கோ என்றேன். அம்மா என்னை நம்பினார். எங்கள் வீட்டில் உடம்பைப் பற்றி நான் சொன்னால் மறுபேச்சில்லை. குளியலறை வடிகாலில் பொன்னிற முடி கொத்துக் கொத்தாகச் சேரத் தொடங்கியது. அம்மா கண்டால் கவலைப்படுவார் என்று காலையில் முதலில் எழும்பி நானே அள்ளிப் போட்டேன்.

சிந்துஜா கண்டுவிட்டாள். லரிசாவின் உடம்பில் ஏதோ பிழை, டொக்டரிடம் கூட்டிப்போவோம் என்று என்னிடம் வந்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் பயிற்சியைக் கவனி என்றேன். அவளுக்கு இதில் ஒரு தொடர்பும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது லரிசா பின்னறைக்கு வந்தாள். கையில் வலது பூட்ஸ். குளிரில்லாத அறையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக, பிளேட்டில் ஏதும் இருக்குமோ, பார்க்கிறாயா என்றாள். வாங்கிப் பார்த்தேன். அவள் கண்ணுக்கு முன்னால் நாணயத்தை வைக்கவேண்டி வந்தது. விரலை அடியில் கொடுத்து நிமிர்த்திப் பிடித்தேன். நேராக நின்றது.

"பிளேட் சரி," என்றேன். "நீதான்."

அவள் தலையை ஆட்டினாள். நன்றி என்றாள். பூட்ஸைக் கட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அந்த நேரத்தில் ஒரே ஒரு தடவை கல்லில் இழுத்துக் கொடுத்திருந்தால் போதும். அதுவும் எனக்குத் தெரியும். இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் அதை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் அரங்கின் ஓரச் சுவர்ப் பலகையில் அவள் தலை மோதிய சத்தம் உள்ளே கேட்டது. மற்றப் பிள்ளைகளின் சத்தம் அதற்குப் பிறகுதான்.

விழுந்ததை மட்டும் தாங்கியிருப்பாள், உடம்பில் ஒன்றுமே இருக்கவில்லை என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். எலும்பு கிழவியின் எலும்பு போல, இதயம் தாளம் தவறி அடிக்கிறதாம். பேசுகிறாள். பிடிக்காமல் நிற்க முடியாது. இனி முடியுமா என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளுடைய தாய் விமானம் ஏறி வந்து, ஆங்கிலம் தெரியாமல் கட்டிலுக்கு ஒரு பக்கம் இருக்கிறார். மறுபக்கம் என் அம்மா இருக்கிறார். இரண்டு பேரும் மாறி மாறிக் கஞ்சி ஊட்டுகிறார்கள். பிளேட்டைத் தவிர நான் எதையும் தொடவில்லை. மிச்சத்தை அவளுக்கு முதலிலேயே அவளுடைய நாடு செய்துவிட்டது. அதைத் தொடர விட்டேன். வேண்டுமானால் அப்படி எழுதுங்கள். தெரிந்தும் தொடர விட்டேன் என்று எழுதுங்கள். கவலையீனம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

இனிப் பொலிசுக்கு அறிவிப்பீர்கள் என்று விளங்குகிறது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். பாவம், இதில் ஒன்றும் அவருக்குத் தெரியாது. நான் முழுவதையும் சொன்னதே சிந்துஜாவின் கை சுத்தம் என்று நீங்கள் காண்பதற்காக. அந்த இடத்தை வெறுமையாக விடப்போவதாகச் சொன்னீர்கள். அவள் செய்யாத ஒன்றுக்கு அவளைத் தண்டிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

என்ன சொன்னீர்கள்?

நேற்று அவளே இங்கே வந்தாளா. தன் பெயரை எடுத்துவிடும்படி கேட்டாளா. இனி ஐஸில் கால் வைக்கமாட்டேன் என்றாளா. சரி. வீட்டிலும் அப்படித்தான் ஏதோ சொன்னாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை, அம்மாவிடம் சொன்னதைத்தான் கேட்டேன். அவளுக்குப் பதினேழு வயது. துக்கத்தில் பிள்ளைகள் சொல்வதை எல்லாம் நீங்கள் எழுத்தில் எடுக்கக்கூடாது.

நான் எழும்புகிறேன். உங்கள் முடிவு எனக்குத் தேவையில்லை. கிடைத்தால் நல்லது என்றுதான் கேட்டேன். ஒஸ்லோவில் என் சித்தி இருக்கிறார். நோர்வேயில் இந்தப் பிரிவில் ஆட்கள் குறைவு, விசாரித்துவிட்டேன். உங்கள் சங்கம் அவளை விடுவிக்க வேண்டும், பிறகு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். லரிசா செய்ததும் அதைத்தானே. அதில் பிழை ஒன்றும் இல்லை. பயணச்சீட்டு போன கிழமையே எடுத்துவிட்டேன். பொலிஸ் என்னிடம் வருவதற்குள் அவளை ஏற்றிவிடலாம்.

கதவை நானே திறந்துகொள்கிறேன், அங்கிள், நீங்கள் இருங்கள். சிந்துஜா இந்த நேரத்தில் லரிசாவின் கட்டிலடியில்தான் இருப்பாள். நேரே அங்கேதான் போகிறேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. கேட்டால் சந்தோஷப்படுவாள்.