ஐம்பதுக்கு ஒன்பது

தேர்வு எழுத வருகிறவர்களுக்குப் பென்சிலை நானே சீவிக் கொடுப்பேன். பன்னிரண்டு நிமிடம், ஐம்பது கேள்வி. அதை வைத்தே யார் எப்படி வேலை செய்வார் என்று சொல்லிவிடுவேன். இந்த ரொட்டித் தொழிற்சாலையில் மூன்று வருடமாக அதுதான் என் உத்தியோகம். முதலாளி என் மனைவியின் அண்ணன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நானும் அதே தேர்வை எழுதித்தான் சேர்ந்தேன். கேள்விகளைத் தயாரித்தவன் நான் என்பது வேறு விஷயம்.

மாவு பிசையும் இயந்திரத்துக்கு ஆள் எடுத்தபோது ஒருவர் ஒன்பது மதிப்பெண் வாங்கினார். எந்நேரமும் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கும், ஆகவே தொப்பிக்காரர். இரண்டு பேர் நான்கு மணி நேரத்தில் வெட்டும் குழியை எட்டுப் பேர் எவ்வளவு நேரத்தில் வெட்டுவார்கள் என்ற கேள்விக்கு, "எட்டு பேர் சேந்தா பேச்சுதான் நடக்கும், குழி ஆகாது" என்று எழுதியிருந்தார். பூஜ்யம் போட்டேன். 'ஆறு மாதத்துக்குள் பெரிய தவறு செய்வார்' என்று அறிக்கையும் கொடுத்தேன். ஆள் கிடைக்காமல் மைத்துனர் அவரையே எடுத்துக்கொண்டார்.

அவர் தவறே செய்யவில்லை. மாவைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் போதாது என்பார், போதாதுதான். நாற்பத்தேழு வாங்கிய என் செல்லப் பிள்ளைகள் அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

ஐந்தாம் மாதம் மைத்துனர் சிரித்தார். "என்ன மாப்பிள்ளை, உங்க ஜோசியம் பலிக்கலையே. பேசாம பரீட்சைய நிறுத்திட்டு, வர்றவங்கள ஒரு நாள் மாவு பிசைய விட்டுப் பாத்துடுவோம். நீங்க ஸ்டோர் ரூமப் பாத்துக்குங்க."

ஸ்டோர் ரூமில் எலி உண்டு. அது காரணமில்லை. ஒரே ஒரு ஆளுக்காக அறிவியலைக் கைகழுவுவது நியாயமா என்றுதான் யோசித்தேன்.

மாவு பிசையும் தொட்டிக்குள் இறங்கிக் கழுவும்போது மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும். பூட்டு இல்லை. பூட்டு கேட்டு அவர் எழுதிய மனு என் மேசையில்தான் கிடந்தது. அதனால் அணைத்த சுவிட்சின் மேல் தன் தொப்பியை மாட்டிவிட்டு இறங்குவார். தொப்பி தொங்கினால் யாரும் தொடக் கூடாது. தொழிற்சாலை முழுக்க இது தெரியும், எனக்கும் தெரியும்.

ஆறாம் மாதக் கடைசியில் ஒரு நாள், மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். தொப்பியை எடுத்துத் தரையில் போட்டேன். சுவிட்சைப் போட்டேன். தொட்டிக்குள்ளிருந்து, "யாருப்பா அது, நான் உள்ள இருக்கேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

வலது கை முழங்கையோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்தேன். "தொப்பி கீழ விழுந்திருக்கும் சார். யாரோ தெரியாமப் போட்டுட்டாங்க. சரியா மாட்டாதது என் தப்புதான்" என்றார்.

நான் செய்தது குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது, தவறு தன்னுடையது என்று அவரே சொல்லிவிட்டார். என் கணிப்பு பொய்க்கவில்லை என்பதையும் வாக்குமூலத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.