லுங்கியில் இருக்கும் டாக்டர்

— அதான் சார் நானும் கேக்கறேன். காலைல அந்த டாக்டரு, திருப்பதிக்குப் போயி இவளுக்கு ஆஞ்சியோ எடுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. எடுக்கட்டுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க.

— கங்கையா, எந்த டாக்டரச் சொல்றீங்க?

— புத்தூரு பஸ் ஸ்டாண்டு கிளினிக்குல குந்திக்கினு இருக்காரே, அவுரு.

— அது நான்தாங்க! இந்தக் கிஷோர்தான்! உங்க சம்சாரத்தப் பாத்து எழுதினதே நான்தான்!

— எனக்குத் தெரியாதா சார்? எத்தினி வருசமா பாக்கறேன். அதனாலதான் இவள நேரா ஒங்க வீட்டுக்கே இட்டுக்கினு வந்தேன்.

— ஒண்ணும் புரியலையே. நான் சொன்னது சரியான்னு என்கிட்டயே வந்து கேக்கறீங்களா?

— வேற யாருகிட்ட கேக்கறது? வெங்கடலட்சுமி, நீ சொல்லேன்.

— நான் இன்னாத்த சொல்றது. நெஞ்சு வலிக்கிறது எனக்கு, பேசறதெல்லாம் இவுரு. வேர்க்கடலை மூட்டையத் தூக்கினா அடைக்குது சார். குந்தினா சரியாப்பூடுது.

— அதத்தாம்மா காலையில சொன்னீங்க. அதுக்குத்தான் எழுதினேன்.

— அங்க எழுதினீங்க சார். கழுத்துல ஆஸ்பத்திரி அட்டைய மாட்டிக்கினு, கம்ப்யூட்டரப் பாத்துக்கினு. பின்னால திருப்பதி ஆஸ்பத்திரி மேனேஜரு நின்னுக்கினு இருந்தாரு. இவ மூஞ்சிய நீங்க நிமிந்துகூடப் பாக்கல. அவுரு அவங்க டாக்டரு. இப்ப லுங்கில இருக்கீங்க, நம்ம டாக்டரு.

— அய்யோ ராமா! ரெண்டு பேரும் ஒரே ஆளுதாங்க!

— அப்ப கிளினிக்கு வாசல்ல இருந்த ஒங்க பேரு போர்ட எதுக்கு சார் மாத்தினீங்க?

— எல்லாம் நீங்க பண்ணின வேலை. கவர்மெண்ட் கார்டு காட்டினா வைத்தியம் ஃப்ரீன்னு ஊரே திருப்பதி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிடுச்சு. நான் ஒத்தையா ஈ ஓட்டிட்டு உக்காந்திருந்தேன். அந்த ஆஸ்பத்திரிக்காரங்க வந்தாங்க, கிளினிக்கக் குடு, சம்பளம் தர்றோம்னாங்க. குடுத்துட்டேன். இன்னும் அதே நாற்காலிலதானே உக்காந்திருக்கேன்?

— நாற்காலி ஒங்களுதா, அவங்களுதா?

— அவங்களுது.

— பாத்தீங்களா!

— இதப் பாருங்க, வீட்ல வைத்தியம் பாக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். தெரிஞ்சா வேலை போயிடும். கெளம்புங்க.

— நீங்க வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் போவ மாட்டோம். திருப்பதிக்கும் போவ மாட்டோம்.

— போகலைன்னா அம்மாவுக்கு ஆபத்துங்க!

— இத சொல்றது எந்த டாக்டரு சார்?

— அதான் தெரியலையே! மாசம் இத்தன பேர அனுப்பணும்னு அங்க சொல்லி வெச்சிருக்காங்க. காலையில இந்தம்மா நெஞ்சப் பாத்து எழுதினேனா, மேனேஜர் மூஞ்சியப் பாத்து எழுதினேனா... சத்தியமா எனக்கே கொழப்பமா இருக்கு கங்கையா. பயமாவும் இருக்கு.

— அதுக்கு இன்னா சார்? மறுபடியும் பாத்துடுங்க. நான் இங்கதான குந்திக்கினு இருக்கேன்.

— கையக் குடுங்கம்மா. இழுத்து மூச்சு விடுங்க. வலி வேற எங்கயாவது போகுதா?

— தாடைக்குப் போவுது. எடது கைக்கும் எறங்குது.

— இத ஏம்மா காலையில சொல்லல?

— நீங்க கேக்கல சார்.

— கேக்கலையா?

— கேக்கல.

— கேட்டிருக்கணும். சும்மா நடந்தா வருதா?

— முன்ன வராது. இப்ப நாலஞ்சு நாளா கெணத்தாண்ட நடந்தாலே வருது. நேத்து படுத்துக்கினு இருக்கசொல்லகூட வந்துச்சு.

— படுத்திருக்கும்போதா? கங்கையா, நாளைக்கு இல்ல, இப்பவே போகணும். இந்த மாத்திரைய மென்னு முழுங்குங்கம்மா.

— நிஜங்கா சார்?

— நிஜம். இதுல எனக்குக் கொழப்பமே இல்ல. கார எடுக்கறேன், நானும் கூட வர்றேன்.

— நீங்க சொல்லிட்டீங்க இல்ல, அது போதும். ஆட்டோ வாசல்லயே நிக்குது. நீங்க வரக்கூடாது சார், இங்கதான் இருக்கணும்.

— நான் இங்க இருந்து என்ன பண்ணப் போறேன்?

— காலைல நீங்க திருப்பதிக்கு எழுதிக் குடுத்தவங்க எல்லாரும் வெளிய நின்னுக்கினு இருக்காங்க சார். அவங்களுக்கும் வேணுமா, வேணாமான்னு ஒங்ககிட்ட கேக்கணுமாம்.