சாவலுக்கு ஒரு கையெழுத்து

கூவாத சாவல எங்கீங்க போயி வாங்கறது? நீங்களே சொல்லுங்க அம்முணி. ஃபேனுக்கு இருக்கற மாதர அதுக்கு முதுவுல சுச்சா வெச்சிருக்குது, வேணுங்கறப்பப் போட்டு வேண்டாங்கறப்ப அமத்தறதுக்கு? கோழின்னா கொக்கரிக்கும், சாவல்னா கூவும். அதுக்குப் போயி ஒம்பது ஊட்டுக்காரங்க ஒண்ணு சேந்து, வெள்ளத்தாளுல எழுதி, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு கையெழுத்துப் போட்டு... இந்தக் கூத்த எங்காவது கேட்டிருக்கறீங்களா?

இல்லீங், நா உள்ள வரல. கேட்டுலயே நின்னுக்கறேன். காதுல மாட்டியிருக்கறத மட்டும் சித்த கழட்டுங்க... ஆங். கம்ப்யூட்டர்ல மீட்டிங்கா? எத்தன மணிக்கு? பத்துக்கா! அட, இன்னும் இருவது நிமிசம் இருக்குதுங்களே. எனக்கு ரெண்டு நிமிசம் போதும். நாந்தானுங்க, பக்கத்தூட்டு சௌந்திரம். நீங்க குடி வந்து பால் காச்சுன அடுத்த நாளு ரெண்டு நாட்டுக்கோழி முட்ட கொண்டாந்து குடுத்தனே? ஆ, அதே அதே.

சமாச்சாரம் இதுதான். நம்ம பொன்னி கார்டனுக்குச் சங்கச் செயலாளர்னு ஒருத்தரு இருக்கறாரே, மணிமாறன்... கோழித் தீவனக் கம்பெனியில மேனேசரு... அவுரு நேத்து வந்து ஒரே பேச்சாச் சொல்லிப்போட்டாரு. "அக்கா, கூண்டு இருக்கறது நடுக் காம்பவுண்டுச் சொவத்தோரம். சொவத்துக்கு அக்கட்டால குடியிருக்கறவங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டா நாங்க பேச வழியில்ல. இல்லாட்டி நாளைக்குச் சாயந்திரம் கூட்டத்துல தீர்மானம். அடுத்த நாளு வெடியால கோழியெல்லாம் புடிச்சு வெளிய தாட்டியுட்டரோணும்"னு. அந்த அக்கட்டால ஆளு யாருங்கறீங்க? நீங்கதான் சாமி! எழுதறதெல்லாம் நானே எழுதிக் கொண்டாந்துட்டேன். அடியில ஒரு கிறுக்கு கிறுக்கிக் குடுத்தீங்கன்னாப் போதும். பேனாவும் இந்தாங்க.

படிச்சுப் பாக்கோணுமா? பாருங்க பாருங்க. படிச்சவங்க படிச்சுத்தான் போடோணும்.

தூக்கம் கெடுதாமுங்க. யாருக்கு? எதுத்த ஊட்டு மாரக்காளுக்கு. அவ ஊட்டுக்காரரு முப்பது வருசம் கேரளாவுக்கு முட்ட லோடு ஓட்டுன மனுசன். போற வழியெல்லாம் ஏர் ஹாரன அமுக்கி ஊரூரா எழுப்பியுட்டவருக்கு, ஏஞ் சாவல் கூவுனா நெஞ்சு படபடங்குதாம். மூல ஊட்டு ரஞ்சிதா புருசன் போர் போடற ரிக்கு லாரியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திப்போட்டு, இஞ்சின் சூடாகோணும்னு அர மணி நேரம் உறும உடறான். எங்கூட்டு சன்னல் கண்ணாடியெல்லாம் கெடகெடன்னு ஆடுது. நா ஒரு வார்த்த கேட்டிருப்பனா? கேட்டதே இல்லீங். அவன் பொழப்பு அது. எஞ் சாவலுக்குப் பொழப்பு இது.

அதும் நா சும்மா உட்டுட்டனா? பொழுது எறங்குனா அதப் புடிச்சு, கழுத்த நிமுத்த முடியாத ஒசரத்துல ஒரு மரப்பொட்டி அடிச்சு வெச்சிருக்கறேன், அதுக்குள்ள உட்டு மேல ரெண்டு சாக்குப் போட்டு மூடறேன். நிமுந்தாத்தான கூவும்? தலையக் குனிஞ்சுக்கிட்டே கூவறதுக்குப் படிச்சுக்கிச்சு! கேக்கறவங்களுக்கு ஆரோ கெணத்துக்குள்ள உழுந்து கத்தற மாதர இருக்கும். வெளிய வந்துதான் முழுசாக் கூவும், அதும் ஆறு மணிக்கு மேல. நாத்தம் வரக்கூடாதுன்னு கூண்டுக்கு அடியில தேங்கா நார்த்தூளு கொட்டி, வாரத்துக்கு ஒருக்கா அள்ளி, அத ரஞ்சிதா ஊட்டு ரோசாச் செடிக்கு நானே கொண்டுபோயிப் போட்டுட்டு வாரேன். ஒரு பொட்டை மட்டும் செவுரு தாண்டிப் போயி மணிமாறன் ஊட்டுக் கொத்தமல்லியக் கெளறிப்போட்டுது. அன்னிக்கே எல்லாத்துக்கும் ஒரு பக்கத்து றெக்கையில முடியக் கத்திரிச்சுட்டேன். அதுக்கு மேல ஒரு மனுசி என்னீங்க பண்ணறது?

என்னங்க? ஆ... ஏன் கோழியே வேணும்னு கேக்கறீங்களா. நல்லாக் கேட்டீங்க போங்க.

புதுச்சத்திரத்துல எங்களுக்கு முட்டக்கோழிப் பண்ணை இருந்துச்சு அம்முணி. முப்பதாயிரம் கோழி. நா கண்ணாலம் கட்டி வந்ததுல இருந்து அந்த ஷெட்டுலதான் கெடந்தேன். கூண்டுக்குள்ள வந்துதுன்னாக் கடைசி வரைக்கும் கூண்டுக்குள்ளதான், தலைய மட்டும் வெளிய நீட்டித் தீவனத்தத் தின்னும், முட்டையப் போடும், உருட்டி உட்டுரும். அதுக்குன்னு ஒரு வாழ்க்கை. வருசத்துக்கு ஒருக்கா லாரி வரும், ஏத்தியுட்டுருவோம். இருவத்தாறு வருசத்துல எம்பட கோழி ஒண்ணாவது மண்ண மிதிச்சு நா பாத்ததில்லீங். தீவனம் வெல ஏறிப்போச்சு, எங்கூட்டுக்காரருக்கும் மூட்டு வலி, வித்துப்போட்டு இங்க வந்து சேந்தோம். வந்த மூணாம் மாசம், இப்ப எட்டு மாசமாச்சு, மோகனூர் சந்தையில ஆறு நாட்டுப் பொட்டையும் ஒரு சாவலும் வாங்கியாந்து ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில உட்டேன். உட்டவொடனே அதுல ஒண்ணு, காலால மண்ண அப்பிடி ஒரு கெளறு, இப்பிடி ஒரு கெளறு, ஒரு புழுவக் கொத்தித் தூக்குச்சு பாருங்க... நா அங்கயே உக்காந்து அழுதுட்டேன். நெசமாத்தான். எங்கூட்டுக்காரரு என்னமோ ஏதோன்னு ஓடியாந்தாரு. ஒண்ணுமில்லீங், கோழி மண்ணக் கெளறுதுன்னேன். அவுரு என்னைய ஒரு மாதரப் பாத்துட்டுப் போயிட்டாரு. அதனாலதான் கேக்கறேன். அதுங்களத் தாட்டியுட்டா எனக்கு அந்தப் பொடக்காளிப் பக்கம் போகவே மனசு வராது.

ஐயோ, உங்க கண்ணு கலங்குதே! தங்கம்ங்க நீங்க. போடுங்க, போடுங்க, அந்தா அந்தக் கோட்டு மேல...

என்னங்க நிறுத்திட்டீங்க?

எட்டு மாசமாக் கூவற சாவலுக்கு இப்ப எதுக்கு மனுக் குடுத்தாங்கன்னா? அதெல்லாம் பொறாமைங்க. வேற ஒண்ணுமில்ல. ஆளுக்கு ஆளு நாயம் பேசறாங்க. நீங்க போடுங்க.

பேனாவ ஏனுங்க மூடறீங்க?

சரி. சொல்லிப்போடறேன். நீங்களும் எம்பட மக மாதர. ஆனா வெளிய உட்டுராதீங்க.

கோழி வளத்தறோம், அக்கம்பக்கத்துல மூஞ்சி சுருக்கக் கூடாதுன்னு, ஆரம்பத்துல இருந்தே ஊட்டுக்கு ரெண்டு முட்ட, வாராவாரம் கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்தேன். ஒம்பது ஊடு, பதினெட்டு முட்ட. எல்லாரும் குசாலா வாங்கிக்கிட்டாங்க. மாரக்காளு, "உங்க சாவல் கூவுனாத்தானுங்க்கா எனக்குப் பொழுதே வெடியுது"ம்பா. அவ வாயாலயே சொன்னாளுங்க! அப்பறம் பாருங்க, முட்ட கொறஞ்சு போச்சு. எல்லா ஊட்டுக்கும் குடுக்க முடியல. ஒரு ஊட்டுக்குக் குடுத்து இன்னொரு ஊட்டுக்குக் குடுக்காட்டிப் போச்சு... வேற வெனையே வேண்டாம். குடுக்காமயே இருந்தாலும், "பாரு, காரியம் ஆனவொடனே கைய மடக்கிட்டா"ம்பாங்க. அதனால நா என்ன பண்ணிப்போட்டேன்னா... தெரிஞ்ச பண்ணையில போயி, இளங்கோழி மொதமொதப் போடுமில்லீங்க, சின்னச் சின்ன வெள்ள முட்ட, அதுல வாராவாரம் ஒரு தட்டு வாங்கியாந்து...

டீத்தூளப் போட்டுக் கொதிக்க வெச்சு, அந்த டிகாஷனுல முக்கி எடுத்துக் காய வெச்சேன்.

சிரிக்காதீங்க அம்முணி! பாத்தா அச்சு அசல் நாட்டு முட்ட. நானே ரெண்டு தரம் ஏமாந்து போனேன். மூணு வாரம் நல்லாத்தான் ஓடுச்சு. நாலாவது வாரம் மாரக்காளு அத வேக வெச்சிருக்கறா. குண்டாத் தண்ணி பூராம் டீயா நிக்குது. அவ ஊட்டுக்காரரு வந்து ஒரு முட்டையக் கையில தூக்கிப் பாத்தாராம். முப்பது வருசம் முட்டையோடவே பொழைச்ச மனுசன், "இது பண்ண முட்ட, போட்டு நாலு நாளாச்சு"ன்னு எந்த ஷெட்டு முட்டைன்னே சொல்லிப்போட்டாராமுங்க. அவ சும்மா இருப்பாளா? ஒவ்வொரு ஊடாப் போயிருக்கறா. ஒம்பது ஊட்டு அடுப்புலயும் அன்னிக்கு டீ கொதிச்சிருக்குது. நாமக்கல்லுல, அதும் பொன்னி கார்டன்ல, லோடு ஓட்டுனவன், தீவனம் விக்கறவன், மருந்து விக்கறவன் குடியிருக்கற எடத்துல நா முட்டைக்குச் சாயம் போட்டிருக்கறேன். எம் புத்தியச் சொல்லோணும்!

அதுல ஒருத்தராவது எம் மூஞ்சிக்கு நேரா வந்து கேக்கோணுமே? கேக்க மாட்டாங்க. சும்மா குடுத்த முட்டைக்கு எப்பிடிச் சண்டைக்கு வரமுடியும்? நாக்கு எழுமா? அதனால சாவல் மேல பழியப் போட்டு மனு எழுதிப்போட்டாங்க. நேத்து மணிமாறன்தான் போறப்ப மெதுவாக் கேட்டாரு, "அக்கா, எந்தக் கம்பெனி டீத்தூளுங்க்கா"ன்னு. அந்த எடத்துலயே பூமி பொளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு.

உங்களுக்குக் குடுத்த ரெண்டா? ...ஆமாங்க. அதும் சாயந்தான். கோவிச்சுக்காதீங்க. ஆனா இந்தா, இந்தத் தூக்குப்போசியில இருக்கறது நெசமான நாட்டு முட்டைங்க. வெரல்ல எச்சத் தொட்டுத் தேச்சுப் பாருங்க. போவுதா? போவாது! சத்தியமுங்க.

அப்பாடி, சிரிக்கறீங்க. இன்னிக்குச் சாயந்திரம் கூட்டத்துல நானே எந்திரிச்சு நின்னு சொல்லிப்போடறேன், நாந்தான் சாயம் போட்டேன்னு. மானம் போனாப் போவுது, கோழி இருந்தாச் செரி. பேனாவத் தொறந்துட்டீங்க. மவராசியா இருங்க. கோட்டு மேல, ஆமா, அங்கதான்...

என்னங்க? முட்ட எதுக்குக் கொறஞ்சுதுன்னா? அது ஒண்ணுமில்லீங். மூணு பொட்டை அடையில உக்காந்துருச்சு. அடையில உக்காந்தா முட்ட போடாது. அவ்வளவுதான்.

மிச்சம் மூணு போடுமே, அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் எங்கன்னா? ...நீங்க என்ன கணக்கு வாத்திச்சியா?

அதயெல்லாம் சேத்து வெச்சேனுங்க. சும்மா வெறுங்கூடையில அடை உக்காந்தா பாவமில்லீங்களா? அதுக்கு ஆசையா இருக்குமில்ல? ஒவ்வொண்ணுக்கும் பதிமூணு முட்ட வெச்சு, எங்கூட்டு மாடிப்படிக்கு அடியில, மூணு கூடையில...

ஆமாங்க. முப்பத்தொம்பது.

முப்பதாயிரம் பாத்த கை இது. ஆறக் கொண்டு எப்பிடீங்க தெகையும்? நீங்களே சொல்லுங்க. பழுது கிழுது போனாலும் முப்பத்தஞ்சு பொரிச்சுரும். நாளைக்கு நாளான்னிக்குப் பொரிச்சுருமுங்க. காதோரம் வெச்சா உள்ள கீச்சு கீச்சுன்னு சத்தம் கேக்குது. சின்னக் குஞ்சுங்க, பஞ்சாட்டம் இருக்கும், உங்க சொவத்துப் பக்கம் சத்தமே வராது. பாதி சாவலாப் போனாலும் கூவறதுக்கு இன்னும் அஞ்சாறு மாசம் ஆவும், அதுக்குள்ள...

என்னங்க எழுதறீங்க? கையெழுத்து இம்புட்டு நீளமாவா இருக்கும்? உங்க பேரு தனப்பிரியாதானுங்க? அப்பன் பேரு, ஊட்டுக்காரரு பேரெல்லாம் வேண்டாமுங்க, ஊட்டு நம்பர் போட்டாப் போதும். கண்ணாடிய வேற ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்.

குடுங்க குடுங்க, மீட்டிங்குக்கு நேரமாச்சுன்னு தெரியும், போங்க. நல்லாருப்பீங்க சாமி. பேனாவ மூடிக் கையோட எடுத்துக்கிட்டுப் போறீங்க... பேனா என்னுதுங்க. செரி, வெச்சுக்கங்க.

வெளிச்சத்துல பாத்தாத் தெரியும்... "ஆ...று... கோ...ழி...களுக்கும்... ஒரு... சேவலுக்கும்... மட்டுமே... சம்மதம்."

மட்டுமேயா?

ஏனுங் அம்முணி! கதவ ஏனுங்க சாத்தறீங்க? சித்த தொறங்க! மட்டுமேன்னு போட்டிருக்கறீங்களே, நாளைக்கு முப்பத்தஞ்சும் வெளிய வந்து நின்னா நா எங்கீங்க கொண்டுபோயி வெக்கறது? ஏனுங்! காதுல மாட்டிக்கிட்டீங்களா? ஆறுன்னு எழுத்தால வேற எழுதிப்போட்டீங்களே... நம்பர்ல எழுதியிருந்தீங்கன்னாலும் பக்கத்துல ஒரு சைபரப் போட்டிருப்பனே!