மூன்றாவது லேபிள்

கணவன்: இங்கதாங்க காட்டுது.

கவுண்டர் பெண்: இங்கன்னா எங்க சார்?

கணவன்: இங்கயே. இந்த ரூமுக்குள்ள. ஃபோனைப் பாருங்க… பச்சைப் புள்ளி தெரியுதா? சாமான் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம்.

கவுண்டர் பெண்: பெல்ட் நின்னு போச்சு சார். உங்க ஃப்ளைட்ல வந்தவங்க எல்லாரும் பெட்டியை எடுத்துட்டுப் போயாச்சு. கடைசியா சுத்திக்கிட்டிருந்தது ஒரு குடை.

மனைவி: வரலைன்னா வரலை, விடுங்க. எழுதிக் குடுத்துட்டு ரூமுக்குப் போவோம்.

கணவன்: என்ன விடுங்க? உள்ள இருக்கிறது குடையா?

மனைவி: நான் அப்படிச் சொன்னேனா?

கவுண்டர் பெண்: பெட்டி எப்படி இருக்கும் மேடம்?

மனைவி: நீளமா, கறுப்பா…

கணவன்: கறுப்பு இல்லைங்க, கருநீலம். ப்ளைவுட், மேல ரெக்சின், எட்டு மூலைக்கும் இரும்புக் காப்பு. கடையில வாங்கினது இல்ல. நானே செஞ்சது.

கவுண்டர் பெண்: தச்சு வேலையா சார் உங்களுக்கு?

கணவன்: கண்ணாடிக் கம்பெனி. பேக்கிங் செக்‌ஷன். ஆளுயரக் கண்ணாடி கப்பல்ல போகும்ங்க. ஒரு கீறல் விழுந்ததில்ல. ஒரு பெட்டியில வேற சாமான் மாறிப் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல.

மனைவி: ஆரம்பிச்சாச்சு… எங்க கல்யாணத்துக்கு வந்த பரிசையெல்லாம் இவர்தாங்க கட்டிப் பரண்ல வச்சார். இன்னும் யாராலயும் பிரிக்க முடியல.

கணவன்: பத்திரமா இருக்குல்ல?

மனைவி: என்ன இருக்குன்னே தெரியாம பத்திரமா இருக்கு. வில்லுப் பெட்டிக்கு இவ்வளவு பாடுபடறார்ல, ஹால் ஃபேனைக் கழட்டிப் போட்டாரு, இன்னும் மாட்டத் துப்பில்ல.

கணவன்: அது ரிப்பேர்.

மனைவி: நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு.

கவுண்டர் பெண்: இருங்க, இருங்க. வில்லுன்னா… அம்பு விடற வில்லா?

மனைவி: ஆமா.

கணவன்: என்ன ஆமா? சொல்லேன். போன வருஷ சாம்பியன்ங்க இவ. பேப்பர்ல படம் வந்துச்சு.

மனைவி: சின்னப் படம். பக்கத்துல சோப்பு விளம்பரம் பெருசா.

கணவன்: நாளைக்குக் காலையில தேர்வுப் போட்டி. ஜெயிச்சா தேசிய அணி.

கவுண்டர் பெண்: ஐயையோ. அப்ப வில்லு இல்லாம?

மனைவி: கலந்துக்க முடியாது. அவ்வளவுதான்.

கவுண்டர் பெண்: யார்கிட்டயாவது இரவல் வாங்கி…

மனைவி: அதெல்லாம் சரிப்படாது!

கணவன்: இரவல் வேண்டவே வேண்டாம்!

கவுண்டர் பெண்: …சரி. ரெண்டு பேரும் இதுல ஒரே கட்சி போல.

மனைவி: அடுத்தவங்க செருப்பைப் போட்டுக்கிட்டு ஓட்டப்பந்தயம் ஓட முடியுமாங்க? அந்த மாதிரி.

கவுண்டர் பெண்: பெட்டி என்ன வெயிட் இருக்கும் சார்?

கணவன்: வில்லோட வெயிட்டு.

கவுண்டர் பெண்: அது எவ்வளவு?

கணவன்: வில்லு அளவுக்கு இருக்கும்.

கவுண்டர் பெண்: …விலை?

மனைவி: எங்க வீட்லயே விலை ஜாஸ்தியான சாமான் அதுதான். அடுத்தது ஃப்ரிட்ஜ்.

கணவன்: விலை எழுதாதீங்க மேடம்.

கவுண்டர் பெண்: எழுதலைன்னா நஷ்ட ஈடு கிடைக்காது சார்.

கணவன்: கிடைக்க வேண்டாம்.

மனைவி: ஆமாங்க. அது… வேண்டாம்.

கவுண்டர் பெண்: இந்த நாற்காலியில உட்கார்ந்து நான் கேட்காத கதை இல்ல. நஷ்ட ஈடு வேண்டாம்னு சொன்னவங்க நீங்கதான் முதல்ல.

கணவன்: எங்களுக்குப் பெட்டி கிடைச்சாப் போதும்.

மனைவி: கிடைச்சா… பார்ப்போம்.

கவுண்டர் பெண்: கம்ப்யூட்டர்ல பார்த்தா, நீங்க கிளம்பின ஊர்க் கவுண்டர்ல டேக் கட்டியிருக்காங்க. ஆனா பெரிய சாமான் போடற பெல்ட்ல ஏறினதா பதிவே இல்ல. யார் கொண்டு போய்ப் போட்டது?

மனைவி: நான்தான். இவர் தண்ணி பாட்டில் வாங்கப் போயிருந்தார்.

கணவன்: நான் வந்து தூக்கறேன்னேன், கேட்டாத்தானே. இடது கையால இழுத்துக்கிட்டே போயிட்டா.

மனைவி: வலது கையில பை இருந்துச்சு.

கணவன்: நான் ஒண்ணும் கேட்கலையே.

கவுண்டர் பெண்: பெட்டி மேல பேர் ஏதாவது?

கணவன்: மூடியில ஒரு லேபிள், பக்கவாட்டுல ஒரு லேபிள். மழையில ஊறினாலும் வராது. நம்பர் பூட்டு, நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மனைவி: என் வில்லு. எனக்கே தெரியாது.

கணவன்: கைப்பிடித் துணிக்குள்ள அந்தக் குட்டி பட்டன் இருக்கு பாருங்க, தொலைஞ்சா ஃபோன்ல இடம் காட்டுமே, அதை வச்சுத் தச்சிருக்கேன். அதைத்தான் இங்க காட்டுதுங்கறேன்.

கவுண்டர் பெண்: சரி, அந்த ஊருக்கே ஃபோன் போட்டுக் கேட்கறேன், இருங்க. ஹலோ… நான் இங்க சாமான் கவுண்டர்லேர்ந்து…

கணவன்: ஃபோன்ல இதை அமுக்கினா அது சத்தம் போடும்.

மனைவி: அமுக்காதீங்க. சார்ஜ் போயிடும்.

கணவன்: தொலைஞ்சப்ப அமுக்காம வேற எப்ப அமுக்கறது?

மனைவி: சொன்னாக் கேளுங்க…

கணவன்: கேட்குதா?

மனைவி: எது?

கணவன்: குருவி கத்தற மாதிரி.

மனைவி: ஏசி சத்தம்.

கவுண்டர் பெண்: மேடம், உங்க கைப்பை கத்துது.

மனைவி: …என் ஃபோன்.

கணவன்: உன் ஃபோன் உன் கையில இருக்கு.

கவுண்டர் பெண்: ஒரு நிமிஷம், லைன்ல வந்துட்டாங்க. சொல்லுங்க… ஆமா, நீளம்… கருநீலம்… டேக் இல்லையா? பேரும் இல்லையா? …பூட்டை வெட்டிட்டாங்களா… என்னது? …நிஜமாவா? சரி, இருங்க. சார், அங்க ஒரு பெட்டி அநாதையாக் கிடந்திருக்கு. செக்யூரிட்டி திறந்து பார்த்துட்டாங்க. ஆனா உங்களோடது இல்ல.

மனைவி: இல்லையா?

கவுண்டர் பெண்: உள்ள வில்லு இல்லையாம். ஃபேன் இறக்கையாம். ஃபோம்ல பள்ளம் வெட்டி, துணி சுத்தி, குழந்தையைத் தூங்க வச்ச மாதிரி வச்சிருக்காம்.

மனைவி: அப்ப எங்களோடது இல்ல.

கவுண்டர் பெண்: ஃபேன் இறக்கையைப் போய் யாராவது ப்ளேன்ல ஏத்துவாங்களா சார்?

கணவன்: …யாரு ஏத்துவா.

கவுண்டர் பெண்: வேற பெட்டி இருக்கான்னு தேடச் சொல்றேன். உள் ரூம்லதான் லைன் ஒழுங்காக் கேட்கும். உட்காருங்க, வந்துடறேன்.

கணவன்: பையைத் திற.

மனைவி: திறக்க வேண்டாம். அதுதான்.

கணவன்: தையலைப் பிரிச்சியா?

மனைவி: பிரிச்சேன்.

கணவன்: என் தையலை?

மனைவி: ஒரு மணி நேரம் ஆச்சு. கோணி தைக்கற நூலாப் போட்டிருந்தீங்க.

கணவன்: லேபிள்?

மனைவி: ஹேர் ட்ரையர் வச்சு சூடு காட்டி உரிச்சேன்.

கணவன்: ரெண்டும்?

மனைவி: ரெண்டும். டேக்கை அங்க பெல்ட் பக்கத்துல கிழிச்சுப் போட்டேன்.

கணவன்: நினைச்சேன். நான் ஒட்டினது தானா கழண்டதா சரித்திரமே கிடையாது.

மனைவி: திட்டறதுன்னா இப்பவே திட்டிடுங்க, அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள.

கணவன்: தோள் எப்படி இருக்கு?

மனைவி: …எந்தத் தோள்?

கணவன்: வலது.

மனைவி: உங்களுக்கு… யார் சொன்னா?

கணவன்: யார் சொல்லணும்? டம்ளரை இடது கையில எடுக்கற. தலை வார்றப்ப சீப்பு தலைக்கு வர்றதில்ல, தலை சீப்புக்குப் போகுது. ஒரே வீட்லதானே இருக்கேன். டாக்டர்கிட்ட போனியா?

மனைவி: போனேன். இன்னும் ஒரு போட்டியில வில்லை இழுத்தா உள்ள மொத்தமாக் கிழிஞ்சுடும்னார். அப்புறம் வில்லு இல்ல, பக்கெட்டுகூடத் தூக்க முடியாதாம்.

கணவன்: என்கிட்ட சொல்லக் கூடாதா?

மனைவி: எப்படிங்க சொல்றது? வேலை முடிஞ்சு வந்து, சாப்பிடாமகூட உட்கார்ந்து பெட்டி செய்றீங்க. கம்பெனியில வாட்ச்மேன் வரைக்கும் சொல்லி வச்சிருக்கீங்க. உங்க சூப்பர்வைசர் என்கிட்டயே ஃபோன் பண்ணி, எந்த நிறத்துல சால்வை வேணும்னு கேட்கறார். இதுல நான் வந்து, முடியல, வரலைன்னா… பயந்துட்டாம்பாங்க. பெட்டி தொலைஞ்சு போச்சுன்னா யார் மேலயும் தப்பில்ல.

கணவன்: ப்ளேன்காரன் மேல?

மனைவி: அவங்களுக்கு அது பழகிப்போச்சு.

கணவன்: அது சரி.

மனைவி: ஆனா டேக்கைக் கிழிச்சதுலேர்ந்து மனசே ஆறல. அந்த வில்லு எனக்குப் பிள்ளை மாதிரி, பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, அவ்வளவுதான். ப்ளேன்ல பாத்ரூம்ல உட்கார்ந்து அழுதேன்.

கணவன்: மூக்கு சிவந்திருந்துச்சு. ஏசின்னே.

மனைவி: அது கிடைக்கணும்னும் இருக்கு. கிடைச்சுடுமோன்னும் இருக்கு. எனக்கே என்னைப் பிடிக்கல.

கணவன்: கண்ணைத் துடை. பொண்ணு வருது.

கவுண்டர் பெண்: சாரி சார். நல்லாத் தேடிட்டாங்க. வேற பெட்டியே இல்ல. அந்த ஃபேன் பெட்டியை மட்டும் என்ன செய்யறதுன்னு கேட்கறாங்க. ஆள் யாருன்னு தெரியாததால கழிவுல தள்ளிடுவாங்க.

கணவன்: தள்ள வேண்டாம். லைன்ல இருக்காங்களா?

கவுண்டர் பெண்: இருக்காங்க.

கணவன்: ஃபோமை மெல்லத் தூக்கி அடியில பார்க்கச் சொல்லுங்க. மூணாவது லேபிள் இருக்கும்.

மனைவி: மூணாவதா?

கணவன்: எப்பவும் மூணு ஒட்டணும். ரெண்டு ஊருக்கு, ஒண்ணு நமக்கு.

கவுண்டர் பெண்: ஹலோ… ஃபோமுக்கு அடியில பாருங்க… இருக்கா? படிங்க… சார், உங்க பேர். உங்க ஃபோன் நம்பர். ஆனா உள்ள…

மனைவி: என்னங்க… அது நம்ம ஹால் ஃபேனா?

கணவன்: நம்ம ஃபேன்தான். வில்லு பத்திரமா பரண்ல, கல்யாணப் பரிசுக்குப் பின்னாடி இருக்கு. அழாதே… நாளைக்கு மைதானத்துல எல்லாரும் பார்க்கப் பெட்டியைத் திறக்கறது, பேக்கிங்ல பேர் வாங்கினவன் வில்லுக்குப் பதிலா ஃபேனைக் கட்டிட்டு வந்துட்டான்னு நான் திட்டு வாங்கறது, நீ தோளைப் பத்தி யார்கிட்டயும் வாயே திறக்காம வீட்டுக்கு வர்றதுன்னு எல்லாம் கணக்காப் பண்ணி வச்சிருந்தேன்… அதைப் போய்த் தொலைச்சுட்டு நிக்கற. மேடம், அந்த இறக்கையைக் கொஞ்சம் பார்த்து வைக்கச் சொல்லுங்க, திரும்பிப் போறப்ப வாங்கிக்கறோம். வீட்ல ஒரே புழுக்கம்.