சந்தனம் பூசிய ரேடார்

ஆயுத பூஜையன்று ரேடாருக்குச் சந்தனம் பூசக் கூடாது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை, ஐயா. எங்கள் கல்லூரித் தாளாளர் பூசினார். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பேராசிரியர் நான்.

அது மழை பார்க்கும் ரேடார். தட்டையான பலகை, அதன் பின்னால் அறுபத்து நான்கு மின்னணுச் சில்லுகள். பலகை அசையாது. ஒவ்வொரு சில்லும் அலையை இம்மியளவு தாமதப்படுத்த, அலை மட்டும் திசை திரும்பும். ஒரு சோலார் பேட்டரியில் நாள் முழுக்க ஓடும். என் பதினாறு வருட உழைப்பு. தாளாளர் மூடியைத் திறக்கச் சொல்லி, சில்லுகளுக்கே பொட்டு வைத்து, தீர்த்தமும் தெளித்தார். பாதிச் சில்லுகள் செத்தன. அலை கிழக்கே பார்த்தபடி நின்றுவிட்டது. மலை இருப்பது மேற்கே. அங்கே பெய்தால் அரை மணியில் ஓடைக்குத் தண்ணீர் வந்துவிடும்.

"வேலை செய்யலைன்னு போர்டு வச்சிருவோம் சார்," என்றாள் ஆய்வு மாணவி பவதாரிணி.

புதுச் சில்லு வர இரண்டு மாதம். தர மதிப்பீட்டுக் குழுவோ பத்து நாளில். குழு கைவிரித்தால் ஆய்வகத்தைக் காலி செய்து அழகுக்கலைப் பயிற்சி தொடங்கப்போவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். குழு வந்த அன்று, மழையில்லாத ஒரு பழைய நாளின் பதிவை எடுத்து, தேதியை மாற்றி, திரையில் ஓடவிட்டேன். பவதாரிணிக்கு அன்று விடுப்பு கொடுத்தேன்.

முந்திரி பக்கோடா தீர்ந்ததும், "இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?" என்று கேட்டார் குழுத் தலைவர். நல்ல வேளையாக விருமாண்டி போன் செய்தார். டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஓடைக்குள் ஆட்டுக்கிடை போட்டிருந்தவர். போன வருடம் மூன்று முறை எங்கள் பேச்சைக் கேட்டுக் கிடையைக் கரையேற்றிப் பிழைத்தவர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், மேக்க அம்புட்டும் இருட்டிக் கெடக்கு. ஆட்டை ஏத்திரவா?"

பின்னால் அவர் மனைவி சோணையம்மாளின் குரல்: "கண்ணு முன்னால இருட்டுது. பொட்டியப் பாத்துச் சொல்ற ஆளுகிட்டப் போயி கேட்டுக்கிட்டு நிக்கிறீக."

குழுவினர் சிரித்தார்கள். நான் எழுந்துபோய், வெயில் கூசுகிறது என்று சொல்லி மேற்குச் சன்னலின் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். வெயில் இல்லை.

"இங்க ஒண்ணுமே காட்டலைண்ணே. அங்கேயே இருங்க."

"நீங்க சொன்னாச் சரித்தான் சார்."

கை தட்டினார்கள்.

பிறகாவது தனியே போய் அழைத்திருக்கலாமே என்கிறீர்கள். போனை எடுத்தேன். குழுப்படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், ஐயா. மூன்று வரிசையாக நிற்க வைப்பதற்குள் அரை மணி போய்விட்டது. இருவரையும் மறுநாள் கருவேல முள்ளுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

இந்த வாக்குமூலத்தில் ஒரே ஒரு திருத்தம். 'ரேடார் தவறாகக் காட்டியதால்' என்று எழுதியிருக்கிறீர்கள். காட்டியது நான். செத்துப்போவார்கள் என்று தெரிந்தே இருக்கச் சொன்னவனும் நான். ரேடாரின் பெயரை அடித்துவிடுங்கள். அதற்கு முதல் தரம் கொடுத்திருக்கிறார்கள்.