பூரான் படம் முடியும் வரை

அஸ்தினாபுரத்துப் பெருச்சாளிகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது, சார். காலி மனைகளில் வளை தோண்டிக்கொண்டு, கதவு கொஞ்சம் திறந்திருந்தால் உள்ளே புகுந்து சோப்புக்கட்டியைக் கூடத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் கொல்லையில் இருக்கும் எங்கள் குளியலறைக்கு வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். அந்தப் பக்கம் யார் போனாலும் கை தானாக அதைத் தள்ளிவிடும். என் மனைவி திரிபுரசுந்தரி இரண்டு முறை என்னை அப்படி உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். நான் கத்தினேன், சிரித்துக்கொண்டே வந்து திறந்தாள்.

ஆகவே சனிக்கிழமை நடந்ததையும் பழக்கதோஷம் என்றுதான் உங்கள் ஸ்டேஷனில் முதலில் எழுதிக் கொடுத்தேன். தாழ்ப்பாள் போட்டது தெரியாமல் நாலு மணி வரை தூங்கிவிட்டேன் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். நீங்கள் ஒருவர்தான், "ரெண்டேகால்லேர்ந்து மூணு வரைக்கும் கரண்டே இல்லையே சார், இந்தக் கத்திரி வெயில்ல ஃபேன் நின்னப்புறம் எப்படித் தூங்கினீங்க?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். நல்ல கேள்வி கேட்டவரை ஏமாற்ற எனக்கு மனம் வராது.

நான் தூங்கவில்லை. படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் கேபிள் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதை நடத்தும் அசரியா, சனிக்கிழமை மத்தியானங்களில் தன் சொந்தச் சேனலில் இங்கிலீஷ் ஜந்துப் படங்கள் போடுவான். தியேட்டருக்கு வந்த படங்கள் அல்ல, வெளிநாட்டில் டிவிக்கென்றே சிக்கனமாக எடுத்தவை. ராட்சச நண்டு வரும், அதன் முதுகில் ஜிப் தெரியும். ஏரியிலிருந்து எழும் பாம்பின் கழுத்தில் கயிறு தெரியும். எந்தப் படமானாலும் கண்ணாடி போட்ட வாத்தியார் ஒருவர், ஆபத்து வருகிறது என்று முதலிலேயே சொல்வார். ஒரு பயலும் கேட்க மாட்டான். அப்புறம் ஒவ்வொருத்தனாக ஜந்துவின் வாய்க்குள் போவான். எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது, சார். பிடித்திருந்ததே வெட்கமாகவும் இருந்தது.

ஏனென்றால் அந்தப் படங்களை நிறுத்தச் சொல்லி மனு எழுதியவனே நான்தான். காலனி நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். குழந்தைகள் பயந்து படுக்கையை நனைக்கிறார்கள் என்று தாய்மார்கள் முறையிட்டார்கள். 'மனித மனத்தை மழுங்கடிக்கும் குப்பை' என்று இரண்டு பக்கம் எழுதி, நாற்பது கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். திரிபுரசுந்தரி மட்டும், "பாக்காமலேயே ஜிப்பு, கயிறுன்னு இத்தனை கரெக்டா எழுதியிருக்கேளே" என்றாள். அவளுக்கு ஒன்று தெரிந்தால் மறுநாள் ரேஷன் கடை வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, வாய்தான் நிற்காது.

அசரியா வீட்டுக்கே வந்து பணிந்தான். "இந்த வாரம் ஒரு பூரான் படம் போடறேன்னு சொல்லிட்டேன், அது ஒண்ணு மட்டும் ஓடட்டும் சார், பசங்க கேட்டுகினு கீதுங்க. அத்தோட ஸ்டாப்பு. நீங்க சொன்னதுக்கு அப்பால நான் இன்னா பேசப் போறேன்" என்றான். நான் ஜெயித்துவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை, கோவிலம்பாக்கத்தில் அவளுடைய சித்தி காலமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. முழங்கால் வலி என்று சொல்லி நான் போகவில்லை. அவள் திரும்ப ஐந்து மணியாகும் என்று நினைத்தேன். ஒன்றே முக்காலுக்கே வந்துவிட்டாள். துக்க வீட்டுக்குப் போய்வந்தவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. பக்கச் சந்து வழியாகவே கொல்லைக்குப் போய், கைப்பையைத் துவைக்கும் கல்லின்மேல் வைத்துவிட்டு, குளியலறைக்குள் நுழைந்தாள். "ஏன்னா, மாத்துப் புடவை எடுத்துண்டு வாங்கோ" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

டிவியில், ரயில்பெட்டி நீளத்துக்கு ஒரு பூரான் சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு பேர் உள்ளே மாட்டிக்கொண்டு இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் இன்னும் சாகவில்லை.

டிவியை அணைத்திருக்கலாமே என்பீர்கள். அணைத்திருக்கலாம்தான். படம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அதற்குமேல் எனக்கு வேறு படம் கிடையாது.

கொல்லைக்குப் போனேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளைத் தள்ளினேன். பழக்கத்தில் தள்ளினால் டக்கென்று கேட்கும். நான் சத்தமில்லாமல் மெல்லத் தள்ளினேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஜன்னல் ஒரு சாண் அகலம். அவளுக்கு இளைப்பு நோய் உண்டு, இன்ஹேலர் கல்லின்மேல் இருந்த பையில் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் தட்ட ஆரம்பித்தாள். படத்திலும் தட்டிக்கொண்டிருந்தார்கள். எது எந்தச் சத்தம் என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை. வால்யூமைக் கொஞ்சம் கூட்டினேன்.

இரண்டேகாலுக்குக் கரண்ட் போயிற்று. படத்தில் தட்டியவர்கள் நின்றுவிட்டார்கள். கொல்லையில் தட்டுவது மட்டும் நிற்கவில்லை. "தாப்பாள் போட்டுட்டேளா? வயசாயிடுத்து உங்களுக்கு" என்றாள். அவள் என் மறதியைத்தான் வைதாள், சார். பிறகு, "மூச்சு முட்றது, அந்தப் பையையாவது குடுங்கோ" என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

அப்போது திறந்திருந்தால் டிவி வெறுமையாக இருந்திருக்கும், அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதையும் யோசித்தேன். ஆனால் அசரியா படம் போடும் அவன் வீட்டுக்கும் அதே கரண்ட் லைன்தான். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து போடுவான். அந்த நேரம் அவள் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். பூரானுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. விசிறியை எடுத்து வீசிக்கொண்டேன்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு தட்டுவது நின்றது. கோபத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் கோபத்தில் ஒரு நாளும் பேசாமல் இருந்ததில்லை.

கரண்ட் வந்தது. கண்ணாடிக்காரர் தான் சொன்னதே சரி என்று நிரூபித்துவிட்டுச் செத்தார். டிவியை அணைத்துவிட்டு, மாற்றுப் புடவையோடு போய்க் கதவைத் திறந்தேன். ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். கண்ணாடி வளையல்கள் தரையில் உடைந்து கிடந்தன. அவள் கேட்டபடி புடவையைக் கதவின்மேல் போட்டேன். அப்புறம் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை, சார்.

ஆகவே பழக்கதோஷம் என்பதை அடித்துவிடுங்கள். தெரிந்தே தாழ்ப்பாள் போட்டேன், கூப்பிட்டது கேட்டும் திறக்கவில்லை. கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். டிவியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்கிற இடத்தில் மட்டும், தூர்தர்ஷன் செய்திகள் என்று போடுங்கள். காலனியில் எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.