பாட்டிலில் பிடித்த ஏரி

காபிக்குச் சர்க்கரை தாராளமாகப் போட்டுக்கொள்வேன், இன்ஸ்பெக்டர் ஐசக். இந்த வயதிலும் எனக்கு அந்த வியாதி இல்லை. பொய்யோ என்று பார்க்கிறீர்கள். காலனியில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். எங்கள் ஏரியில் பிடித்த விரால் மீன் தாம்பரம் பிளாட்பார நீளம் இருந்தது என்று சொன்னவன் நான். இன்று சொல்வது நடந்தது.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக் கழிவெல்லாம் மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகும். என் வீட்டுக் குழாயும் அதில் ஒன்று. போன வருஷம் ஸ்ரீவித்யா என்ற இன்ஜினீயர் வந்து கூட்டம் போட்டார். ஏரி எவ்வளவு அழுக்கைத் தாங்கும் என்று பார்த்து, தெருவுக்குத் தெரு ஒரு வரம்பு வைப்பார்களாம். தாண்டினால் குழாயைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுவார்களாம். அடைத்தால் எல்லாம் வீட்டுக்குள்தான் பொங்கும்.

"ஏரித் தண்ணி சாம்பிளை ரெசிடென்ட்ஸே எடுத்துக் குடுங்க சார். அப்பதான் ரிசல்ட்டை நம்புவீங்க," என்றார். நல்ல பெண். சங்கத் தலைவன் என்பதால் பாட்டில்கள் என்னிடம் வந்தன.

ஏரிக்குப் போனேன். அந்த நாற்றத்தில் வாயைத் திறக்கப் பாட்டிலே யோசித்தது. வீட்டுக்கு வந்து, நாங்கள் குடிக்கிற கேன் தண்ணீரைப் பிடித்து, பாலுக்கு உறை ஊற்றுகிற அளவு ஏரித் தண்ணீரைச் சேர்த்தேன். மாதாமாதம் அப்படித்தான்.

ஏரி தேறிவிட்டது. இன்னும் அழுக்கைத் தாங்கும் என்று வரம்பை உயர்த்தினார்கள். தெருவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கூடவே, ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் குடிசைகளுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியை அதிகாரிகள் நிறுத்தினார்கள். ஏரியே சுத்தம் என்றால் அதன் கசிவில் ஊறும் கிணற்றுக்கு என்ன குறை?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அமலராணி அங்கேதான் இருக்கிறாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒருநாள் கேட்டாள்.

"இன்னா சார், கெணத்துத் தண்ணி ஒரு மாரி நாறுது. குடிக்கலாமா?"

"ரிப்போர்ட்ல நல்லாயிருக்குன்னு வந்திருக்கேம்மா."

"நீங்க சொன்னா சரி சார். மீன் கதைலதான பொய் வுடுவீங்க."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் மூத்த மகள் ஜாஸ்மினுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கிறிஸ்துமசுக்குத் தைத்த சுடிதாரைப் போட்டே அடக்கம் செய்தார்கள்.

திரும்ப வேலைக்கு வந்தபோது அமலராணி கிணற்றுத் தண்ணீர் பிடித்த ஒரு பாட்டிலை நீட்டினாள். "அந்தத் தண்ணிய நான்தான் மொண்டு மொண்டு குடுத்தேன் சார். அதால இல்லல்ல? டெஸ்ட்டுக்கு அனுப்பி எனக்குச் சொல்லுங்க."

அவள் கொண்டுவந்ததை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு, கேன் தண்ணீரைப் பிடித்து அனுப்பினேன். இந்த முறை உறைகூட ஊற்றவில்லை.

ரிசல்ட்டைக் காட்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெற்றவள் மனசில் அப்படியொரு பழி தங்கிவிடக்கூடாது, இல்லையா? இப்போது சந்தேகம் இல்லாமல் சின்ன மகளுக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் கொடுக்கிறாள். அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுத்தவன் நான் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.